பீலித் தண்ணீர் வரும் மலைகள்

அட்டன் பஸ் நிலையத்தில் நின்று இலங்கையின் மிக உயர்ந்த மலை எது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் தென்மேற்கே கை நீட்டிச் சிவனொளிபாதமலையைத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும் விடை வேறு. நுவரெலியா நகரத்துக்கு வடக்கே நிற்கும் பிதுருதலாகல 2,524 மீட்டர். அதற்கடுத்தது ஹோர்ட்டன் சமவெளியின் ஓரத்திலுள்ள கிரிகல்பொத்த, ஏறக்குறைய 2,390 மீட்டர். பிறகு தொட்டுபொல, 2,357 மீட்டர். சிவனொளிபாதம் 2,243 மீட்டரோடு அந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது. ஆனாலும் பஸ் நிலையத்துக்காரர்களின் பதிலை நான் தள்ளிவிட மாட்டேன். நுவரெலியா நகரமே 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பிதுருதலாகல அறுநூற்றைம்பது மீட்டர் மேடுதான். சிவனொளிபாதமோ நல்லதண்ணி அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஒரேயடியாக எழும்பி, கூம்பாகத் தனித்து நிற்கிறது. கொழுந்துக் கூடையோடு நிரையில் நிற்கிற பெண் இடுப்பை நிமிர்த்தும்போதெல்லாம் கண்ணில் படுவதும் அதுதான். உயரம் என்பது கடல்மட்டத்திலிருந்து அளப்பது என்று புத்தகம் சொல்லட்டும். குடியிருக்கிறவர்கள் தங்கள் வாசலிலிருந்துதான் அளப்பார்கள்.

அந்த வாசல்களின் பக்கம் நின்று இந்தச் சிகரங்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் அட்டனில் இறங்கினேன். மலைநாட்டுக்கு வருகிற பயணிகள் எழுதும் குறிப்புகளில் மூடுபனி உண்டு, அருவி உண்டு, பச்சைக் கம்பளம் தவறாமல் உண்டு. அந்தப் பச்சையை இருநூறு வருடமாக வெட்டி, நட்டு, கவ்வாத்து பண்ணி, பறித்துக்கொண்டிருக்கிற மக்கள் ஓரத்தில் சிறு புள்ளிகளாக வந்து போவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மலையையும் அவர்களையும் பிரித்து எழுதினால் இரண்டுமே பாதிதான்.

மத்திய மலைநாட்டின் வரைபடத்தை விரித்தால் ஒரு நங்கூரம் தெரியும். தெற்கே கிழக்கு மேற்காக நீண்ட சுவர்: மேற்கு நுனியில் சிவனொளிபாதம், நடுவில் கிரிகல்பொத்தவும் தொட்டுபொலவும், கிழக்கு நுனியில் பதுளைக்கு மேலே 2,036 மீட்டர் உயர நமுனுகுல. நடுவிலிருந்து வடக்கே ஓடும் தண்டில் ஹக்கல, கிரேட் வெஸ்டர்ன், பிதுருதலாகல. தெற்குச் சுவர் வெளிப்பக்கம் சடாரென்று விழுந்து சப்ரகமுவத் தாழ்நிலத்தில் இறங்கிவிடும். உட்பக்கம் படிப்படியாகச் சரிந்து பள்ளத்தாக்குகளாகப் பிரியும். அந்தப் பள்ளத்தாக்குகள்தான் டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, லிந்துலை. தேயிலை ஏலத்தில் 4,000 அடிக்கு மேல் விளைந்ததைத் தனி வகையாகப் பிரித்து விற்கிறார்கள். அந்த வகை விளைகிற மண் இது.

இந்த மலைகளை ஆல்ப்ஸ், இமயம் போன்றவற்றோடு சேர்த்துப் பேச முடியாது. அவை புதியவை, தட்டுகள் மோதி மடிந்து இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை. இங்குள்ள பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறி, பிறகு மேலே வந்து, மழையிலும் காற்றிலும் தேய்ந்தது. இதே கல் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. இங்கு நிறையக் கிடைக்கிற சார்னக்கைட் என்ற பாறைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜோப் சார்னக்கின் பெயரை வைத்திருக்கிறார்கள். கல்கத்தாவில் அவர் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பரங்கிமலையிலிருந்து போனது. பரங்கிமலையும் நீலகிரியும் இந்த மலைகளும் கோண்டுவானா நிலத்தில் ஒரே பாறைக் குடும்பம். நடுவில் உள்ள கடல் மிகவும் பிந்தி வந்தது.

அட்டனிலிருந்து நானுஓயாவுக்கு ரயில் கோச்சியில் போவதுதான் சரி. 1884-இல் அட்டனுக்கும் மறுவருடம் நானுஓயாவுக்கும் வந்த இந்தப் பாதை, மலையின் மேடு பள்ளத்தை விரல்விட்டுத் தடவிக்கொண்டு போவதைப் போல வளைந்து வளைந்து போகிறது. அட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். மேல்பாதையில் இதுதான் நீளமானது. உள்ளே போகிறபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூவுகிற கூவலில் பெட்டி அதிர்கிறது. வெளியே வந்தால் கொட்டகலை, ஆறு வேறு, காற்று வேறு. அட்டன் பக்கம் விழும் மழை களனி ஆற்றில் சேர்ந்து கொழும்புக்குப் போகும். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் விழும் மழை கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலியாகி, 335 கிலோமீட்டர் சுற்றித் திருகோணமலையில் கடலைத் தொடும். ஒரு சுரங்கத்தின் நீளத்தில் நாட்டின் தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது.

தலவாக்கலைக்கு முன்னால் சென்கிளேயர் அருவியும் டெவன் அருவியும் எதிர்ப் பள்ளத்தில் தெரியும். 2012-இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியதிலிருந்து சென்கிளேயரின் தண்ணீர் பெரும்பாலும் சுரங்க வழியாகப் போகிறது. டெவன் பெயரைக் கேட்டால் இங்கு உள்ளவர்களுக்கு அருவி மட்டும் நினைவுக்கு வராது. 1977 மே மாதம், தோட்டக் காணிகளை எடுத்துப் பங்கிடப் போகிறார்கள் என்று தொழிலாளர்கள் திரண்டு எதிர்த்தபோது, பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞன் செத்தான். இன்னும் ஒவ்வொரு மே மாதமும் அவன் பெயரைச் சொல்லிக் கூடுகிறார்கள். பயணப் புத்தகங்களில் அருவியின் உயரம் மட்டும் இருக்கிறது.

வட்டகொடையைத் தாண்டியதும் இடப்பக்கம் எழும்புகிற சுவர்தான் கிரேட் வெஸ்டர்ன். 2,200 மீட்டருக்குச் சற்று மேல். ரயில் நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் அதே பெயர். கீழே தேயிலை, அதற்கு மேலே யூக்கலிப்டஸ், அதற்கும் மேலே கறுத்த காடு, உச்சியில் வழுக்கைப் பாறை என்று நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டியவர்.

"அந்தக் கறுப்பா தெரியுது பாருங்க தம்பி, அது வரைக்கும்தான் நம்ம ஆளுங்க கத்தி போனது. அதுக்கு மேல வெள்ளக்காரனே வேணாம்னு விட்டுட்டான்" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காப்பிக்காக மலைநாட்டுக் காடு கண்மண் தெரியாமல் வெட்டப்பட்டது. தாவர அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873-இல், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக் கூடாது, தொட்டால் ஆறுகள் வற்றிப் போகும் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். அரசும் ஏற்றுக்கொண்டது. அதற்குள் நுவரெலியாப் பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டிச் சில தோட்டங்கள் ஏறிவிட்டிருந்தன. 1869-இல் வந்த இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிவைத்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. செடி மாறியது, வெட்டியவர்களும் நட்டவர்களும் மாறவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழிநெடுகச் சாகக் கொடுத்துவிட்டு மேலே ஏறியவர்களின் பிள்ளைகள்தான் அவர்கள். 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்து அந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்தார்கள்.

நுவரெலியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிரெகரி ஏரியும் குதிரைப் பந்தயமும் சித்திரை மாதக் கூட்டமும் எல்லோருக்கும் தெரிந்தவை. பிதுருதலாகலவுக்கு நடந்து ஏற அனுமதி இல்லை. உச்சியில் ராணுவ ரேடாரும் தொலைக்காட்சிக் கோபுரமும் இருக்கின்றன. சோதனைச் சாவடியில் பெயர் பதிந்து, வாகனத்திலேயே மேலே போய், அனுமதித்த இடத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். நாட்டின் உச்சியில் கால் வைக்க முடியாது என்பது மனத்தை உறுத்தத்தான் செய்தது. ஆனால் போகிற வழியில் உள்ள காடு அருமையானது. மரங்களெல்லாம் குட்டையாக, தலை தட்டையாக, கிளைகள் முறுகி, தண்டு முழுக்கப் பாசி. மழை பெய்யாத வேளையிலும் இலை நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. மூடுபனி இலையில் மோதி நீராகி இறங்குகிறது. வானத்திலிருந்து விழுவது ஒரு பங்கு, காட்டுக்குள் புகுந்து மரமே கறந்து தருவது இன்னொரு பங்கு. மரம் இல்லாவிட்டால் அந்தப் பனி சும்மா கடந்து போய்விடும்.

தை, மாசியில் இரவு தெளிந்து கிடந்தால் இங்கு உறைபனி விழும். விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாக நிற்கும். பயணிகள் அதைப் படம் பிடிப்பார்கள். தோட்டத்தில் அது வேலை இழப்பு. வெயில் பட்டதும் கொழுந்து கருகிவிடும். கருகிய மலையில் பறிக்க ஒன்றும் இருக்காது.

நானுஓயாவுக்கு அப்பால் பட்டிப்பொலவில் பாதை அதன் உச்சத்தைத் தொடுகிறது, சுமார் 6,200 அடி. அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு வாகனம் பிடிக்கலாம். தொட்டுபொல வாசல் பக்கமே இருக்கிறது; குறுகிய ஏற்றம்தான். கிரிகல்பொத்தவுக்கு உள்ளே வரவேற்பு நிலையத்திலிருந்து ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டர் அளவில் நடக்க வேண்டும். காலால் ஏறிப் பொதுமக்கள் போகக்கூடிய சிகரங்களில் இதுவே இலங்கையில் உயரமானது. அப்படியிருந்தும் கூட்டமெல்லாம் உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பின் பக்கம் போய்விடுவதால் பாதையில் ஆள் இல்லை.

முதலில் புல்வெளி. மரைகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. ஓடைகளில் தண்ணீர் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக, ஆனால் அடிக்கல் தெரியுமளவு தெளிவாக ஓடியது. பிறகு காடு. முழங்கால் உயர மூங்கில் இரண்டு பக்கமும் நெருக்கி நின்றது. ஒரு திருப்பத்தில் பூத்து நின்ற ரோடோடென்ட்ரன் மரத்தில் கைப்பிடி அளவு சிவப்புப் பூங்கொத்துகள். நீலகிரியில் பூக்கிற மரத்தின் உறவுதான் அது. இமயத்திலும் அந்தக் குடும்பம் உண்டு. இடையில் தாழ்நிலம் எவ்வளவோ கிடக்க, குளிர் காலங்களில் பரவி வந்து, வெப்பம் கூடியபோது உச்சிகளில் மட்டும் தங்கிப்போன மரம் என்று தாவரவியல்காரர்கள் சொல்கிறார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துச் சாகிற குறிஞ்சிச் செடிகளும் இந்தக் காட்டின் அடியில் புதராகக் கிடக்கின்றன. ஒரு கொம்பில் விரல் நீள ஓணான் ஒன்று அசையாமல் இருந்தது. மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு. இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பிராணி.

காட்டுக்குள் சில இடங்களில் மரங்கள் நின்ற வாக்கிலேயே பட்டுப் போயிருந்தன. பல ஆண்டுகளாக ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் மரங்கள் கூட்டமாகச் செத்துக்கொண்டு வருகின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் மண்ணையும் வறட்சியையும் காற்றில் வரும் மாசையும் காரணமாக ஆராய்கிறார்கள். 1988-இல் தேசியப் பூங்கா, 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல் என்று காவல் ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. அப்படியும் மரம் சாகிறது என்றால் கவலைப்படாமல் இருக்க முடியவில்லை. மகாவலியின் தலையூற்று, களனிக்குச் சேரும் ஓடைகள், தெற்கே வளவை கங்கைக்குப் போகும் பெலிஹுல் ஓயா எல்லாம் இந்தச் சில சதுர மைல் காட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. யாழ்ப்பாணத்தில் எரிகிற விளக்கிலும் பொலன்னறுவையில் விளைகிற நெல்லிலும் இந்தப் பாசிபிடித்த மரத்துக்குப் பங்கு உண்டு.

கிரிகல்பொத்தவின் உச்சி ஒரு சிறிய பாறைத் திடல். மேற்கே காடு மடிப்பு மடிப்பாக இறங்கி, கடைசி மடிப்புக்குப் பின்னால் சிவனொளிபாதத்தின் கூம்பு. தெற்கே தரை அப்படியே இல்லாமல் போகிறது. திரும்பும்போது உலக முடிவுக்கும் போய் நின்றேன். ஏறக்குறைய 870 மீட்டர் கீழே ஒரு தோட்டத்தின் தேயிலை, தொழிலாளர் குடியிருக்கும் லயன் கூரைகள், ஒரு சிறு கோயில் கோபுரம். ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால் விடியவே கூட்டம் முண்டுகிறது. எல்லோரும் ஆழத்தைப் பார்த்தார்கள். எனக்குக் கண் கிழக்கே போனது. இதே தெற்குச் சுவரில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியாபெத்த இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலையில் மலை சரிந்து அங்கே லயன்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்ட இடம். ஆனால் எழும்பிப் போக அந்த மக்களுக்கு வேறு காணி இல்லை. செங்குத்தான நிலத்தில் யாருக்கு எங்கே வீடு என்பதை மழை தீர்மானிப்பதில்லை. காணி யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

மஸ்கெலியாவுக்கு வந்தபோது சாமிமலைப் பக்கம் மழை பிடித்திருந்தது. அட்டனிலிருந்து நோர்வூட் வழியாக நல்லதண்ணிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள்: கெஹெல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ (1965), மஸ்கெலி ஓயாவை மறித்த மவுஸ்ஸாக்கலை (1969). பழைய மஸ்கெலியா டவுன் மவுஸ்ஸாக்கலைக்குள் மூழ்கிப்போனது. தண்ணீர் மிகவும் இறங்கும் காலத்தில் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் சுவர்களும் சேற்றிலிருந்து எழும்பி நிற்கும். ஆட்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள்.

மவுஸ்ஸாக்கலைக்கு வடமேற்கே வரிசையாக நிற்கும் கூர்மையான சிகரங்கள் சப்த கன்னியர் மலை. ஏழு கன்னிகள் என்று பெயர் இருந்தாலும் ஏழையும் ஒரே இடத்திலிருந்து எண்ணிவிட முடியாது. 1974 டிசம்பர் 4-ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்க வந்த மார்ட்டினேர் விமானம் இந்த மலையில் மோதியது. 182 யாத்திரிகர்களும் 9 ஊழியர்களும், ஒருவர் மிச்சமில்லாமல். முதலில் ஓடிப்போய் மேலே ஏறியவர்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். நான் தங்கியிருந்த வீட்டு அக்காவின் அப்பா அன்று ஏறியவர்களில் ஒருவராம். "ராத்திரி மலை வெடிக்கிற சத்தம்னு நெனச்சாங்களாம். விடியக் காலைல ஏறினா மரத்துல எல்லாம் துணி தொங்குதாம். எங்கப்பா ஒரு கெழம சோறு திங்கலன்னு அம்மா சொல்லுவாங்க." விமானத்தின் டயர் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. எங்கோ கடல் கடந்த ஊரின் துக்கத்தை இந்த மலைக்காரர்கள் தங்கள் துக்கமாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள்.

அக்காவின் வீடு ஒரு பழைய லயன் வரிசையில் கடைசிக் காம்பரா. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. பத்தடி தள்ளிப் பீலி. மேலே காட்டு ஓடையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர் இரவு பகல் ஓயாமல் கொட்டுகிறது. காலை ஐந்தரைக்கு அங்கே வரிசை நின்றது. கழுவல், குளிப்பு, குடம், பிள்ளைகளுக்கு முகம் துடைப்பு, ஊர்க்கதை எல்லாம் அந்த ஒரு பாறைத் தொட்டியைச் சுற்றித்தான். விரலை நீட்டிப் பார்த்தேன். எலும்பு வரை குளிர்ந்தது. "கோடையில நூலு மாதிரி வரும் தம்பி. மேல காட்டுல யாராவது மரம் சாச்சாங்கன்னா எங்களுக்கு மொதல்ல தெரிஞ்சிடும், பீலி சொல்லிடும்" என்றார் அக்கா. எத்தனை நீரியல் அறிக்கைகள் வாசித்தாலும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஏழரைக்கு அவர் மலைக்குப் போனார், கூடவே போனேன். நாற்பத்தைந்து பாகைச் சரிவு. வலது கால் ஒரு செடியின் தூரில், இடது கால் கீழே உள்ள வடிகானின் விளிம்பில். முதுகில் கூடை, இடுப்பில் படங்கு. இரண்டு கையும் ஒரே வேளையில் செடிமேல் ஓடி, இரண்டு இலையும் ஒரு அரும்புமாகக் கிள்ளி, கைப்பிடி நிறைந்ததும் தலைக்கு மேலாகப் பின்னால் வீசுகிறது. கண் செடியில்கூட இல்லை. அடுத்த காலை எங்கே வைப்பது என்று தரையில் இருக்கிறது. மழை பிடித்தால் படங்கை இழுத்துவிட்டுப் பறிப்பு தொடர்கிறது. நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாய் ஆனது; 2024-இல் 1,350. அந்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் எத்தனை ஊர்வலம், எத்தனை வேலைநிறுத்தம் என்று அட்டன் வீதிகளுக்குத் தெரியும். உயரத்தால்தான் இந்தத் தேயிலைக்கு மணம், உயரத்தால்தான் விலை என்று ஏலக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த உயரத்தில் நாள் முழுக்க நிற்கிற காலுக்குக் கிடைப்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

இங்கிருந்து கிளம்பிப் போனவர்களின் கதையும் மலையோடு மலையாக இணைந்ததுதான். 1948-இன் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அட்டன், தலவாக்கலை ரயில் நிலையங்களில் மூட்டையோடு ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போனவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டு அரசு இவர்களுக்காகவே 1968-இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பிதுருதலாகலவின் அடியில் பறித்த கை 2,637 மீட்டர் தொட்டபெட்டாவின் அடியில் பறித்தது. அக்காவின் பெரியம்மா குடும்பம் கோத்தகிரியில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொள்கிறார்கள். எந்தப் படம் எந்த ஊர் என்று பிள்ளைகளுக்குக் குழப்பம் வருகிறதாம்.

மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத யாத்திரைக் காலம். இரவில் படிநெடுக மின்விளக்கு எரிவதால், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பார்த்தால் மலைமேல் ஒளிக்கோடு ஒன்று வானத்துக்கு ஏறுவது தெரியும். நள்ளிரவில் நல்லதண்ணியிலிருந்து ஏறத் தொடங்கினோம். அக்காவின் மகன் துணைக்கு வந்தான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். சீதகங்குலவில் முகம் கழுவினோம். சிங்களக் குடும்பங்கள் வெள்ளை உடையில் பாட்டுப் பாடிக்கொண்டு, கிழவிகளைத் தோளில் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். "அரோகரா" என்ற குரலும் கேட்டது. பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். கிறிஸ்தவர்களில் சிலர் தோமையாரின் பாதம் என்பார்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஏறிய இபுன் பதூதா இங்குள்ள இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த நாட்டில் எவ்வளவோ நடந்தபிறகும் நான்கு மதத்தாரும் ஒரே கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறுகிற இடம் ஒன்று மிஞ்சியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

உச்சியில் குளிரில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை தடவை மணி அடிக்க வேண்டும். அக்காவின் மகன் அடித்துக்கொண்டே இருந்தான். கிழக்கு வெளுத்ததும் நான் தேடியது சூரியனை அல்ல. முதலில் பக்கத்திலேயே பேன சமனல, அதற்குப் பின்னால் காட்டு மடிப்புகள், தூரத்தில் கிரிகல்பொத்தவின் நீண்ட முதுகு, இடப்பக்கம் கிரேட் வெஸ்டர்ன், அதற்கும் அப்பால் மங்கலாகப் பிதுருதலாகல. போன இடமெல்லாம் ஒரே பார்வைக்குள் வந்து நின்றன. சூரியன் எழுந்ததும் எல்லோரும் மேற்குப் பக்கம் ஓடினார்கள். மலையின் நிழல் முக்கோணமாக மூடுபனிமேல் விழுந்து, அடிவானம் வரை நீண்டு, சில நிமிடங்களில் சுருங்கி மலைக்குள்ளேயே வந்துவிட்டது.

இறங்கும் வழியில் அக்காவின் மகன் தன் யோசனையைச் சொன்னான். கண்டியில் தொடங்கி மலைநாட்டைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ டிரெயில் என்ற நடைபாதை இப்போது பிரபலமாகிவருகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். புதிதாக வெட்டிய பாதை அல்ல. தேயிலை சுமந்த, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்கு நடந்த, கோயிலுக்குக் காவடி எடுத்துப் போன பழைய தோட்டப் பாதைகள்தான். வெள்ளைக்காரர்கள் பை மாட்டிக்கொண்டு அவன் லயன் வாசலால் போகிறார்கள். ஆங்கிலம் அவனுக்கு ஓரளவு வரும். கொழும்பில் உடுப்புக் கடையில் நிற்கிற இந்த இரண்டு வருடத்தில் கற்றது. கடையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று யோசிக்கிறான்.

"பாத எங்க தாத்தாங்க வெட்டுனது. மலைக்குப் பேரு எங்களுக்குத்தான் தெரியும். எங்கேயிருந்தோ ஒருத்தர் வந்து அவங்களக் கூட்டிட்டுப் போறாரு, நாங்க பாத்துக்கிட்டு நிக்கிறோம்" என்றான். குரலில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம். இந்த மலைகளில் வழிகாட்டியாகப் போகிறவன் முதலில் இங்குப் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அரசு தருவதாகச் சொன்ன காணி அவன் அம்மாவுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் முன்னறை ஒன்றைப் பயணிகளுக்கு விடலாம் என்பது அவன் கணக்கு.

நல்லதண்ணிக் கடைத்தெருவில் சாயத்தண்ணி குடித்துக்கொண்டே தன் வழியை ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் வரைந்து காட்டினான். முதல் நாள் மவுஸ்ஸாக்கலைக் கரை. தண்ணீர் இறங்கியிருந்தால் பழைய கோயில். இரண்டாம் நாள் காலையில் அம்மாவோடு கொழுந்து மலை, மத்தியானம் மடுவத்தில் நிறுவை பார்ப்பது, ராத்திரி சித்தி வீட்டு ரொட்டியும் கட்டச்சம்பலும். மூன்றாம் நாள் விடியக்காலை சப்த கன்னியர் மலை, விமானம் விழுந்த இடம். அங்கே ஏறுவதற்கு மட்டும் ஐந்து பேருக்கு மேல் கூட்டிப்போக மாட்டேன் என்றான். மழைநாளில் ஏற்றவே மாட்டானாம். நான்காவது சிவனொளிபாதம். விலை எவ்வளவு போடலாம் என்று என்னிடம் கேட்டான். அவன் சொன்ன தொகையை இரண்டு மடங்காக்கச் சொன்னேன்.